சோதனைச் சீட்டில் எட்டுக் குறைகள்: பழைய காரைச் சரிசெய்வதா, விற்பதா?

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன்பு 14 வருடப் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். ஓட்ட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாலைத் தகுதிச் சோதனையில் எட்டுக் குறைகளை எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன் பிரேக்கின் பிடிப்பு விசை இடது 1.4, வலது 2.3 கிலோநியூட்டன். ஹேண்ட் பிரேக் பலம் போதவில்லை. முன் இடது லோயர் ஆர்ம் பால் ஜாயின்டில் ஆட்டம். அதே பக்க டயரின் உள்விளிம்பு தேய்ந்திருக்கிறது. ஹெட்லைட் வெளிச்சம் குறைவு, ஒளி விழும் குறியும் தவறு. செக் எஞ்சின் விளக்கு எரிகிறது (பழுதுக் குறியீடு பி0420). புகைச் சோதனையில் லாம்டா (காற்று-பெட்ரோல் விகித அளவு) 1.06. ஓட்டுநர் கதவுக்குக் கீழே துரு. என் மெக்கானிக், "டயரை மட்டும் மாற்றுங்கள். விளக்கை ஸ்கேனரில் அழித்துவிடலாம், துருவைப் பட்டி போட்டு மூடிவிடலாம்" என்கிறார். நண்பர்கள் விற்றுவிடச் சொல்கிறார்கள். அம்மாவை வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்கு அழைத்துப் போக எனக்கு இருப்பது இந்தக் கார் ஒன்றுதான். என்ன செய்யட்டும்?

பதில்: மற்றதெல்லாம் பிறகு. அந்த பால் ஜாயின்டை மாற்றும் வரை அம்மாவை அந்தக் காரில் ஏற்றாதீர்கள். நீங்களும் ஓட்டாதீர்கள். பட்டறைக்குக் கொண்டுபோகக்கூட இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புவதுதான் சரி. முன் சக்கரத்தை லோயர் ஆர்மோடு (சக்கரத்தை வண்டியின் உடலோடு சேர்க்கும் கீழ்க் கை) பிணைத்து வைத்திருப்பது அந்த உருண்டை மூட்டுதான். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி கேட்காது. சோதனையில் கையால் அசைத்தே ஆட்டம் தெரிகிறது என்றால் தேய்மானம் ஆரம்பக் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் இதற்கு மேலுள்ள ரப்பர் உறை கிழிந்திருக்கும். அந்த வழியாகத் தண்ணீரும் மண்ணும் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். பிறகு இரும்பும் இரும்பும் உரசித் தேய வேண்டியதுதான்.

"ஓட்ட நன்றாகத்தான் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். சோதனைக் கூடத்திலும் சரி, இப்போது என் பட்டறையிலும் சரி, அதிகம் கேட்ட வாசகம் இது. பழைய காரின் குறைகள் ஒரே நாளில் வருவதில்லை. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வருகின்றன. ஓட்டுகிறவரின் காலும் கையும் அதற்கேற்பப் பழகிவிடுகின்றன. பிரேக்கைச் சற்று முன்னதாகவே மிதிப்போம், ஸ்டியரிங்கை லேசாக ஒரு பக்கம் பிடித்தே ஓட்டுவோம், ஆனால் அப்படிச் செய்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது.

உங்கள் சீட்டில் எட்டு வரிகள் இருந்தாலும் எட்டும் எட்டு நோய்கள் அல்ல. சில வரிகள் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். உங்கள் மெக்கானிக் சொல்லும் வழி ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக மறைக்கப் பார்க்கிறது. நான் சொல்லப்போவது காரணத்தைப் பிடிக்கும் வழி. அதில் பல நேரம் செலவும் குறைகிறது.

பணம் செலவழிக்கும் வரிசையில் முதலில் பார்க்க வேண்டியது துருவை. ஆச்சரியமாக இருக்கலாம். பிரேக்கும் டயரும் பால் ஜாயின்டும் தேயும் பொருட்கள்தான். எத்தனை வயதான காரிலும் புதிதாக மாற்றிவிடலாம். ஆனால் வண்டியின் எலும்புக்கூடு அரித்துவிட்டால் மற்ற செலவெல்லாம் வீண். எனவே ஒரு பாகம்கூட வாங்கும் முன், வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதி முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் அந்தப் பெட்டிச் சட்டம் வெறும் அலங்காரத் தகடு அல்ல. பக்கவாட்டு மோதலில் கதவுப் பகுதி உள்ளே வராமல் தாங்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஜாக்கி வைக்கும் இடமும் பல கார்களில் அங்கேதான். சீட் பெல்ட்டின் கீழ்ப் பிடிப்பும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

துரு மேலோட்டமா, ஊடுருவியதா என்று தெரிந்துகொள்ள ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பார்த்தால் போதும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு மந்தமாகப் பொதபொதவென்று கேட்கும். நுனியால் அழுத்தும்போது உள்ளே போனால் அது ஓட்டை, பெயின்ட் மட்டும்தான் அதை மூடிக்கொண்டிருக்கிறது. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீட் பெல்ட் ஆகியவை உடலோடு பொருத்தப்பட்டிருக்கும் இடங்களைச் சுற்றி வரும் துருவைச் சோதனையாளர்கள் மிகக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். பிரிட்டனில் அந்தப் பொருத்துமிடத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தூரம் வரை வலிமை குன்றியிருக்கக் கூடாது என்றே வரையறுத்திருக்கிறார்கள்.

பட்டி போட்டு மூடுவது எனக்குச் சிறிதும் ஏற்பில்லாத யோசனை. பட்டிக்கு எந்தப் பலமும் கிடையாது. அதைவிட மோசம், அது ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், துரு முன்னைவிட வேகமாகப் பரவும். அடியில் பூசும் கறுப்புக் கோட்டிங்கைத் துருவின் மேலேயே அடித்தாலும் இதே கதைதான். முறையான வேலை என்றால் அரித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் தகடு வைத்து, இடைவெளி இல்லாமல் சுற்றிலும் வெல்டிங் செய்து, உள்பக்கம் துருத்தடுப்பு மெழுகு தெளிப்பது. வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, உள்ளே கார்ப்பெட்டை அகற்றி, பெட்ரோல் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்திருக்க வேண்டும். இதையெல்லாம் கேட்காமல் நேரே டார்ச்சைப் பற்றவைக்கிற ஆளிடம் வண்டியை விடாதீர்கள்.

இப்போது விற்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரே பக்கத்தில், ஒரே இடத்தில் மட்டும் துரு, சுற்றிலும் தகடு உறுதி என்றால் காரை வைத்துக்கொள்ளுங்கள். மீதியெல்லாம் சரிசெய்யக்கூடியவை. இரண்டு பக்கச் சட்டமும் பஞ்சுபோல் ஆகி, பின் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடமும், எஞ்சினைத் தாங்கும் சட்டமும் அரித்திருந்தால் அந்த வண்டிக்கு விடை கொடுத்துவிடுங்கள். அப்படிக் கொடுக்கும்போதும் ஓட்டுவதற்கு என்று யாருக்கும் விற்காதீர்கள். பாகங்களுக்காக உடைப்பவரிடம் போகட்டும்.

துரு தாங்கும் அளவுதான் என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

பால் ஜாயின்டையும் டயரையும் சேர்த்தே பார்க்க வேண்டும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் அந்தச் சக்கரம் நேராக உருளவில்லை என்று பொருள். தேய்ந்த பால் ஜாயின்டும், நைந்துபோன லோயர் ஆர்ம் புஷ்ஷும் (ரப்பர் மூட்டு) சக்கரத்தின் கோணத்தைக் கெடுத்துவிடும். மெக்கானிக் சொன்னபடி டயரை மட்டும் மாற்றினால் புது டயரும் அதே இடத்தில் தேயும். பல கார்களில் பால் ஜாயின்ட், புஷ் இரண்டும் லோயர் ஆர்மோடு சேர்ந்தே வரும். 14 வருட வண்டியில் அப்படி முழுதாக மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். இடது பக்கம் போயிருக்கிறது என்றால் வலது பக்கமும் அதே வயதுதான், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் ஆர்ம், பிறகு டயர், கடைசியில் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) என்ற வரிசை மாறக் கூடாது.

வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே நீங்கள் பக்கத்தில் நின்று சக்கரத்தை அசைத்துப் பார்க்கச் சொல்லலாம். மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் வரும் ஆட்டம் பால் ஜாயின்டிலோ வீல் பேரிங்கிலோ இருக்கும். இடமும் வலமுமாக அசைத்தால் மட்டும் வருவது பெரும்பாலும் டை ராட் எண்ட், அதாவது ஸ்டியரிங் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு. ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்போது ஆட்டம் மறைந்துவிட்டால் அது பேரிங். ஆனால் ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் தலையை நுழைக்க விடாதீர்கள். கீழே ஸ்டாண்ட் கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் ஜாக்கி வைக்கும் இடமே துருப்பிடித்திருக்கலாம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

டயரை ஒற்றையாக வாங்காமல், ஒரே அச்சுக்கு இரண்டாக, ஒரே வகையில் வாங்குங்கள். பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது பல நாடுகளின் சட்டம். பள்ளத்துக்குள் குறுக்கே தெரியும் சிறு மேடுகள் அந்த அளவைத்தான் காட்டுகின்றன. மழைச் சாலையில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே பிடிப்பு வெகுவாகக் குறைகிறது என்பதால் நான் அங்கேயே மாற்றிவிடச் சொல்வேன். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. செகண்ட் ஹேண்ட் காரில் இதைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. பள்ளம் ஆழமாகவே இருந்தாலும் ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கலாம். அதிகம் ஓடாத காரில் இப்படித்தான் ஆகிறது.

முன் பிரேக்கு எண்களைப் பாருங்கள். 2.3க்கும் 1.4க்கும் உள்ள வித்தியாசம் 0.9. பெரிய எண்ணோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 39 சதவீதம். ஒரே அச்சில் இரண்டு பக்கத்துக்கும் 30 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது பல சோதனை முறைகளில் உள்ள எல்லை. சாதாரணமாக மிதிக்கும்போது உங்களுக்கு எதுவும் தெரியாது. நனைந்த சாலையில் ஒருநாள் முழு பலத்தோடு மிதிக்க நேரும்போதுதான் வண்டி வலது பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

இதற்கு உடனே புது பிரேக் பேட் போட்டுவிடுவார்கள். பேட் காரணமாக இருப்பதைவிட, காலிப்பர் (பேட்களை பிரேக் தட்டின் மேல் அழுத்தும் பகுதி) நகர உதவும் கம்பி துருப்பிடித்து இறுகிப்போயிருப்பதுதான் பழைய கார்களில் நான் பார்க்கும் வழக்கமான காரணம். இடது சக்கரத்தைக் கழற்றி உள் பேட், வெளிப் பேட் இரண்டின் கனத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள். உள் பேட் நன்றாகத் தேய்ந்து, வெளிப் பேட் தடிமனாகவே இருந்தால் அந்தக் கம்பி நகரவில்லை. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸ் வைத்தால் சரியாகிவிடும். சாதாரண கிரீஸ் வைத்தால் ரப்பர் ஊதிப்போய் மீண்டும் இறுகும். கம்பி நன்றாக நகர்கிறது, ஆனால் பிஸ்டன் உள்ளே தள்ள வரவில்லை என்றால் காலிப்பர்தான் போயிருக்கிறது. இரண்டும் நன்றாக இருந்தால் ரப்பர் ஹோஸைச் சந்தேகிக்க வேண்டும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்சுவர் உரிந்து எண்ணெயின் வழியை அடைத்திருக்கும். புது பேட் போடுவதாக இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்துப் போட வேண்டும்.

கூடவே பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியதும் 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது அது கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போய்விடும். பல கார் நிறுவனங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். இரும்பு பிரேக் குழாய்கள் அடியில் எங்காவது துருப்பிடித்திருக்கின்றனவா என்றும் அதே நேரம் பார்த்துவிடலாம்.

ஹேண்ட் பிரேக்குக்கு உள்ளே இருக்கும் நட்டைத் திருகி கேபிளை இழுத்துவிடுவது குறுக்கு வழி. ஒரு வாரம் பிடிக்கும், பிறகு பழைய நிலைதான். உங்கள் வண்டியின் பின்னால் டிரம் இருந்தால் அதைத் திறந்து, ஷூவை (டிரம்மின் உள்சுவரில் அழுத்தும் பிரேக் கட்டை) தானாகச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் ஷூவைச் சரியான இடைவெளிக்குக் கொண்டுவந்து, கேபிளைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். வீல் சிலிண்டர் கசிந்து ஷூ நனைந்திருந்தால் ஷூவைத் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும். பழைய ஷூத் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், காற்றடித்துச் சுத்தம் செய்ய விடாதீர்கள்.

அடுத்து, உங்கள் மெக்கானிக் ஸ்கேனரில் அழிப்பதாகச் சொன்ன விளக்கு. பி0420 என்பது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று காரின் கம்ப்யூட்டர் சந்தேகிப்பதைச் சொல்லும் குறியீடு. கன்வர்ட்டர்தான் போய்விட்டது என்று அது சொல்லவில்லை. இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது பக்கத்து வரியில் இருக்கும் லாம்டா 1.06. ஐரோப்பிய முறைச் சோதனைகளில் அது வழக்கமாக 0.97க்கும் 1.03க்கும் நடுவில் இருக்க வேண்டும். 1.06 என்றால் புகையில் இருக்க வேண்டியதைவிட அதிக ஆக்சிஜன் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து வரும்போது, எஞ்சினுக்கும் கன்வர்ட்டருக்கும் இடையில் எங்கோ புகைக்குழாய் கசிந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். கேஸ்கெட், வளையும் குழாய், பற்றவைத்த இணைப்பு ஆகியவைதான் வழக்கமான இடங்கள்.

கண்டுபிடிப்பது எளிது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, தடித்த கையுறை அணிந்த ஒருவர் சைலன்சர் வாயைத் துணியால் சில வினாடிகள் மட்டும் அடைக்க வேண்டும். கசிவு இருந்தால் முன்பக்கம் 'உஸ்' என்ற சத்தம் கேட்கும். இணைப்புகளில் கறுப்பாகப் புகைக் கோடு படிந்திருப்பதும் அடையாளம். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். கூடவே ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு எரிந்தால் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதுக் கன்வர்ட்டர் போட்டால் அதுவும் கெட்டுவிடும். உங்கள் சீட்டிலேயே விலை உயர்ந்த பாகம் அதுதான், கடைசியாக மட்டுமே அதை வாங்க யோசியுங்கள்.

குறியீட்டை அழிப்பது தப்பில்லை, ஆனால் பழுதைச் சரிசெய்த பிறகுதான். அழித்ததும் கம்ப்யூட்டரின் சுயபரிசோதனைப் பதிவுகளும் சேர்ந்து அழிந்துவிடும். பல நாடுகளில் சோதனையாளர் அந்தப் பதிவுகள் முழுமையாக இருக்கின்றனவா என்று பார்ப்பார். நகரத்திலும் நெடுஞ்சாலையிலுமாகச் சில நாட்கள் ஓட்டினால்தான் அவை மீண்டும் நிரம்பும். சிலர் பல்பையே பிடுங்கிவிடுகிறார்கள். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு ஒருமுறை எரிந்து அணைய வேண்டும், எரியாவிட்டால் அதுவே ஒரு குறை. ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளுக்கும் இதே விதி.

ஹெட்லைட் விஷயத்தில் கண்ணாடி போன்ற முன் உறை மஞ்சளாகியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பாலிஷ் போட்டு, மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அடிக்க வேண்டும். பூச்சு இல்லாமல் பாலிஷ் மட்டும் போட்டால் சில மாதங்களில் முன்னைவிட மோசமாக மங்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் மங்கலாக இருந்தால் மின்சாரத்தையும் அளந்து பாருங்கள். துருப்பிடித்த எர்த் இணைப்பால் ஹாலஜன் பல்புக்குப் போகும் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். வெளிச்சம் போதவில்லை என்று ஹாலஜனுக்கான ஹெட்லைட்டில் எல்இடி பல்பைச் சொருகாதீர்கள். ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும், பல இடங்களில் அதற்காகவே திருப்பி அனுப்புவார்கள். குறி பார்ப்பது எல்லா வேலையும் முடிந்த பிறகு. சஸ்பென்ஷனும் டயரும் மாறினால் வண்டியின் உயரமும் மாறும். டயரில் சரியான காற்று, டிக்கியில் சுமை இல்லாத நிலையில் பார்க்க வேண்டும். லோ பீம் 10 மீட்டர் தூரத்தில் சுமார் 10 சென்டிமீட்டர் கீழிறங்கியிருப்பது வழக்கமான அளவு.

மறுசோதனைக்கு முன் வீட்டிலேயே ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். நம்பர் பிளேட் விளக்கு, பிரேக் விளக்குகள், ஹாரன், வைப்பர், கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சுவது, பேட்டரி ஆடாமல் இருப்பது எல்லாம் சில நிமிட வேலை. சீட் பெல்ட் ஒவ்வொன்றையும் முழு நீளத்துக்கு இழுத்து, நூல் பிரிந்திருக்கிறதா, விட்டதும் தானாகச் சுருண்டு போகிறதா என்று பாருங்கள். பின் இருக்கையையும் விடாதீர்கள், அம்மா அங்கே உட்காருவார். முன் சக்கரங்களின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் ஆக்ஸில் பூட் (ஆக்ஸில் மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்திருக்கிறது. இப்போதே மாற்றினால் ரப்பர் உறையோடு போகும், விட்டுவிட்டால் ஜாயின்டே போகும்.

மெக்கானிக்கை மாற்றுவதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். மேலே சொன்ன வேலைகளை எழுதிக் கொடுத்து, கழற்றிய பழைய பாகங்களை உங்களிடம் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டு செய்தால் அவரிடமே தொடருங்கள். பட்டிதான் போதும் என்று மறுபடியும் சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள்.

மறுசோதனைக்குப் போகும்போது பழைய சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். அரை மணி நேரமாவது ஓட்டி எஞ்சினும் கன்வர்ட்டரும் நன்றாகச் சூடான பிறகு உள்ளே விடுங்கள், குளிர்ந்த கன்வர்ட்டர் புகையைச் சுத்தம் செய்யாது. தேறியதும் சான்றிதழோடு நிற்காமல் பிரேக் அளவுகள் அச்சான தாளையும் கேட்டு வாங்குங்கள். முன் இடதும் வலதும் 10 சதவீதத்துக்குள் நெருங்கியிருந்தால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. 20க்கு மேல் இருந்தால், சோதனையில் தேறியிருந்தாலும் அந்தக் காலிப்பரை மறுபடி கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.